மரத்துக்கு அடியில் ஸ்கூட்டர்

ராத்திரி விழுந்த மரத்தைச் சுற்றிக் காலை ஏழு மணிக்கு நின்றவர்கள் இவர்கள்: மரத்துக்குச் சொந்தக்காரரான கணக்கு சார், மழை நின்று இரண்டு மணி நேரமாகியும் விரித்த குடையோடு. அவருடைய மனைவி. பக்கத்து வீட்டு ஆந்தை. ஆந்தையின் மனைவி. அவளுடைய தம்பி, சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் டெஸ்டர் என்றே பெயராகிப்போன ஒயர்மேன். இயந்திர ரம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மரம் வெட்டுகிறவர் ஒருவர். மொத்தம் ஆறு பேர்.

ஏழாவதாக ஒன்றும் அங்கே இருந்தது. அது ஆந்தைக்கு மட்டும்தான் தெரியும். அது அவனுடைய ஸ்கூட்டர். சாரின் கொட்டகைக்குள், மரத்துக்கு அடியில், நசுங்கிக் கிடந்தது.

அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தது தெருதான். ஒன்பது வருஷமாக இரவு ஷிஃப்ட். பாட்டில் தொழிற்சாலை. வெளிச்சப் பலகையின் முன்னால் உட்கார்ந்து, நகர்ந்து போகும் பாட்டில்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி, கடந்து போன பாட்டிலைப் பார்த்தோமா இல்லையா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. அடுத்ததிலும் அதே சந்தேகம். நாற்பது பாட்டில் போன பிறகு எழுந்தான், கையுறையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான், வெளியே வந்துவிட்டான். சண்டை இல்லை, அவமானம் இல்லை, காரணம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே மனைவியிடம் சொல்லியிருப்பான். காரணம் இல்லாத ஒன்றை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல், மறுநாள் இரவு ஒன்பதரைக்கு வழக்கம்போல ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கிளம்பியவன் எங்கே போவது? தெருவைச் சுற்றினான். பெட்ரோல்தான் தீர்ந்தது. கடைசியில் தன் வீட்டுக்குப் பக்கத்துச் சந்துக்கே வந்து சேர்ந்தான். கணக்கு சார் வீட்டுப் பின்பக்கக் கொட்டகை அந்தச் சந்தைப் பார்த்துத் திறக்கும். பூட்டு கிடையாது. கார் வாங்கும்போது விடலாம் என்று கட்டியது. கார் வரவில்லை, பழைய சாமான்தான் வந்தது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தான், கொசுவத்தி ஒன்றைக் கொளுத்தினான், படுத்தான். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய சொந்தக் கட்டில். நடுவில் பதினைந்தடி இருந்தால் அதிகம். மனைவி டிவியை அணைக்கிற சத்தம்கூடக் கேட்டது. காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போய், தெருமுனையில் ஸ்டார்ட் செய்து, ஆறு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிறுத்துவான். வேலை முடித்து வந்தவன் மாதிரியே கண்ணைக் கசக்குவான். சம்பள நாள் இன்னும் வராததால் மாட்டவில்லை.

முந்தின ராத்திரிப் புயலில் கொட்டகைக் கூரை ஒழுகியது. ஒரு மணிக்கு எழுந்து, தெருமுனை மருந்துக் கடையின் ஷட்டர் ஓரமாகப் போய் ஒதுங்கினான். அதனால்தான் உயிரோடு இருந்தான். இரண்டு மணிக்கு மரம் விழுந்த சத்தம் கேட்டது. எந்த மரம் என்று அவனுக்குப் பார்க்காமலே தெரிந்தது. சாரின் கொல்லையில் இருந்தது ஒரே ஒரு மரம், தூங்குமூஞ்சி மரம்.

காலையில் நடந்து, நனைந்த கோழியாக வீட்டுக்குள் வந்தான்.

“ஸ்கூட்டர் எங்கே?” என்றாள் மனைவி.

“நேத்து எடுத்துட்டுப் போகலையே. மழைன்னு கம்பெனி வேன் வந்துச்சு. தெருவுலதான் நிறுத்திட்டுப் போனேன்.”

இது முதல் பொய்கூட இல்லை, மூன்று வார வரிசையில் கடைசிப் பொய். ஆனால் இதற்கு முன் சொன்னதெல்லாம் அவனோடு நின்றது.

இப்போது மரத்தின் நிலைமை இதுதான். வேர் மண்ணோடு பெயர்ந்து சாரின் கொல்லையில் ஆள் உயரத்துக்கு நின்றது. அடிமரம் கொட்டகைக் கூரையைப் பிளந்து உள்ளே உட்கார்ந்திருந்தது. தலைப்பகுதி மதிலைத் தாண்டி ஆந்தையின் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டி மேலும் துணிக்கொடி மேலும் விழுந்து கிடந்தது.

“மரம் என்னோடதுதான். வெட்டுற பொறுப்பும் என்னோடது. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம், சொல்லுங்க” என்றார் கணக்கு சார்.

“தலைப் பக்கத்துலேர்ந்து” என்றான் ஆந்தை, கேட்காமலே. “எங்க தொட்டி நசுங்குது. கொட்டகைப் பக்கம் அப்புறமாப் பாத்துக்கலாம். அவசரமே இல்ல. அடுத்த வாரம்கூடப் பாக்கலாம்.”

மரம் வெட்டுகிறவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒரு கிளையில் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். குனிந்து இன்னொரு கிளையின் வளைவைத் தடவினார்.

“இது சும்மா படுத்திருக்குன்னு நெனைக்காதீங்க. கீழ மாட்டுன கிளையெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. தலைய மொதல்ல அறுத்தா எடை கொறைஞ்சு வேரு பழைய குழிக்கே திரும்பி, அடிமரம் வெடுக்குன்னு எந்திரிக்கும். பக்கத்துல நிக்கிறவன் தாடை போயிடும். கொட்டகை மேல இருக்குற பாரத்த மொதல்ல எறக்கணும்.”

“அதான் சரி. நான் அப்பவே சொன்னேன்” என்றான் டெஸ்டர். அவன் அதுவரை எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

“நீ என்னடா சொன்னே?” என்றாள் அக்கா.

“மனசுக்குள்ள சொன்னேன்க்கா.”

ரம்பம் உறுமியது. ஒவ்வொரு கிளையும் துண்டாகி விழ, வெளிச்சம் கொட்டகைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உடைந்த கூரை ஓடுகளை டெஸ்டர் உற்சாகமாக இழுத்துப் போட்டான். ஒரு கண்ணாடி தெரிந்தது. பிறகு ஒரு கைப்பிடி. பிறகு சாம்பல் நிற மட்கார்டு.

“மாமா! இது உங்க வண்டி!”

ரம்பம் நின்றது. அந்த அமைதியில் எல்லாரும் முதலில் ஸ்கூட்டரையும் பிறகு ஆந்தையையும் பார்த்தார்கள்.

“தெருவுல நின்ன வண்டி இங்க எப்படி வந்துச்சு?” என்றாள் மனைவி. “ஏங்க, நீங்க பூட்டிட்டுத்தானே போனீங்க?”

“பூட்டினேன்” என்றான் ஆந்தை. “பூட்டினேன்னுதான் நெனைக்கிறேன்.”

“வேன் எத்தன மணிக்கு மாமா வந்துச்சு?”

“ஒன்பதரை.”

“நம்ம தெருவுக்குள்ளயா? மெயின் ரோட்டுலதானே நிக்கும்?”

“நேத்து வந்துச்சுடா. மழைல்ல.”

“ஒன்பதரைக்கு மழை ஆரம்பிக்கவே இல்லையே மாமா. தூறல்தான்.”

“தூறலும் மழைதாண்டா!”

அவன் மனைவிக்கு இந்தப் பேச்சு காதில் விழவில்லை. அவள் ஸ்கூட்டரிலிருந்து கணக்கு சாரின் பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் நடந்தது அவள் நினைவுக்கு வந்துவிட்டது என்று ஆந்தைக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

சாருக்கும் அவனுக்கும் ஒரே ஸ்கூட்டர். ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில், ஒரே நிறத்தில் வாங்கியது. எந்தப் புண்ணியவான் செய்த பூட்டோ, ஒன்றின் சாவி இன்னொன்றிலும் திரும்பும். இரண்டு மாதத்துக்கு முன் சார் இவனுடைய வண்டியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், சாயங்காலம்தான் திரும்பி வந்தார். தெருவே ஒரு வாரம் சிரித்தது.

“சார், போன தடவை மறதின்னீங்க. சரின்னு விட்டோம்” என்றாள் அவன் மனைவி. “இது ரெண்டாவது தடவை. இப்ப வண்டி வண்டியாவே இல்ல. இதுக்கும் மறதின்னுதான் பேரா, இல்ல வேற பேரு இருக்கா?”

“என்னம்மா பேசுற நீ?” என்றார் சாரின் மனைவி. “அவரு உன் வண்டியத் திருடினாருங்கிறியா?”

“நான் அப்படிச் சொல்லலக்கா. வண்டி சொல்லுது.”

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆந்தை வாயைத் திறந்தான். அதற்குள் கணக்கு சார் பேச ஆரம்பித்துவிட்டார்.

“இரும்மா, இரு. யோசிக்கிறேன்.” குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். “நேத்து ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு நான் வெளிய வந்தேன். வாசல் கேட்டச் சாத்த. அது நல்லா ஞாபகம் இருக்கு. மழை வருதே, வண்டி நனையுதேன்னு நெனைச்சேன். அதுவும் ஞாபகம் இருக்கு.”

“உங்க வண்டி செவ்வாய்க்கிழமையிலேர்ந்து மெக்கானிக்கிட்டல்ல இருக்கு?” என்றார் அவர் மனைவி. குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“ஆமா. மெக்கானிக்கிட்ட இருக்கு.” சார் தெருவைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். “அப்ப நான் எந்த வண்டியத் தள்ளினேன்?”

சார் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“தள்ளின மாதிரிதான் இருக்கு” என்றார் அவரே. “கைப்பிடி ஈரமா இருந்துச்சு.”

அந்தக் கைப்பிடியை ஒன்பதே முக்காலுக்குப் பிடித்தது ஆந்தை. ஈரமாக இருந்தது அவன் கை. நடக்காத ஒன்று, அவன் கண் முன்னாலேயே, இன்னொருவருடைய ஞாபகமாக மாறிக்கொண்டிருந்தது. ஒரு நொடி அவனுக்கே சந்தேகம் வந்தது: ஒருவேளை வேன் வந்ததோ?

அந்த நேரம் பார்த்து டெஸ்டர் உடைந்த ஓடு ஒன்றைப் புரட்டினான். அடியில் விரித்த அட்டைப் பெட்டி. ஓரத்தில் பாதி எரிந்து நனைந்த கொசுவத்தி. ஒரு தண்ணீர் பாட்டில்.

“யாரோ இங்க படுத்திருக்காங்க மாமா.”

சாரின் மனைவி கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். “இது நம்ம ஃப்ரிட்ஜ் அட்டை.” நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். “ராத்திரியில பாத்ரூம் போறேன்னு எழுந்து போவீங்களே... ரொம்ப நேரம் கழிச்சு வருவீங்களே... இங்கயா வந்தீங்க?”

கணக்கு சார் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் பிள்ளைகளைக் கரும்பலகை முன் நிறுத்தி முழிக்கவைத்தவர். அப்படி நின்ற பிள்ளைகளில் ஒன்று மாதிரி இப்போது முழித்தார்.

“தெரியலையே” என்றார்.

“போன தடவையே டாக்டர் சொன்னாரு. இன்னொரு தடவை இப்படி ஆனா உடனே கூட்டிட்டு வாங்கன்னாரு.” அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சார் ஆந்தையின் பக்கம் வந்தார். வெட்டிப்போட்ட கிளையைத் தாண்ட முடியாமல் தடுமாறி, அந்தப் பக்கத்திலிருந்தே கையைக் கூப்பினார். “தம்பி, என்னை மன்னிச்சிடுப்பா. ஏன் செஞ்சேன்னு எனக்கே தெரியல.”

ஆந்தை மறுபடியும் வாயைத் திறந்தான். வந்தது இதுதான்: “பரவாயில்ல சார்.”

மரம் வெட்டுகிறவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரம்பத்தின் கயிற்றை இழுத்தார்.

மத்தியானத்துக்குள் மரம் துண்டு துண்டாக அடுக்கப்பட்டது. ஸ்கூட்டரை டெஸ்டரும் ஆந்தையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். “ஒண்ணும் தேறாது மாமா. ஹாரன் மட்டும் அடிக்குது” என்றான் டெஸ்டர். அடித்தும் காட்டினான். பக்கத்து வீட்டு ஜன்னலில் கணக்கு சாரின் தலை ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

ஆந்தை படுத்தான். பகலில் தூங்குகிறவன் என்று பேர். தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சாரின் மனைவி கேட்கும் கேள்விகள் காதில் விழுந்தன. இன்னிக்கு என்ன கிழமை? பெரியவளுக்குக் கல்யாணம் ஆன வருஷம் எது? காலையில் என்ன சாப்பிட்டீங்க? பதில் சொல்கிற குரல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொஞ்சம் நின்று யோசித்தது. எல்லாப் பதிலும் சரி. ஆனால் நின்று யோசித்தது.

நாலு மணிக்கு அவன் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனான்.

சார் மேசை முன் உட்கார்ந்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் வாய்ப்பாடு. பத்தொன்பது பதினேழு முந்நூற்று இருபத்து மூன்று. எழுதிவிட்டு, பக்கத்திலேயே கூட்டல் போட்டுச் சரிபார்த்தார். அதற்கடுத்த வரியிலும் அதையே செய்தார். மேசை ஓரத்தில் மருத்துவமனைச் சீட்டு ஒன்று, மறுநாள் காலை நேரம் குறித்தபடி இருந்தது.

“சார், வண்டிய நீங்க தள்ளல. நான்தான் கொட்டகைல வெச்சேன்” என்றான் ஆந்தை. “மூணு வாரமா நான் வேலைக்குப் போகல. அங்கதான் படுத்தேன். அட்டைய விரிச்சது நான். கொசுவத்தியும் என்னுதுதான்.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகும் என்று நினைத்திருந்தான். சார் பேனாவை மூடி வைத்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

“நீ நல்ல பையன்ப்பா.”

“இல்ல சார், நெஜமா.”

“என் சம்சாரம் அழுததப் பாத்துட்ட. அதான் பழியத் தூக்கித் தலைல போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. உன் மனசு எனக்குப் புரியுது.”

“சார், நான் சொல்றதக் கேளுங்க. கொட்டகையிலேர்ந்து எல்லாம் கேக்கும். நீங்க மூணு மணிக்கு இருமுவீங்க. லைட்டப் போடுவீங்க.”

“இவரு இருமுறது தெருவுக்கே தெரியுமே தம்பி” என்றார் சாரின் மனைவி, உள்ளேயிருந்து வந்தபடி. அவர் கண் வீங்கியிருந்தது. “தயவு செஞ்சு இப்படியெல்லாம் சமாதானம் சொல்லாதீங்க. இல்லாததச் சொல்லி மழுப்பக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. குழப்பம் ஜாஸ்தியாகுமாம்.”

“அம்மா, சத்தியமா நான்தான்.”

“சொந்த வீட்டுல கட்டில் இருக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் வந்து அட்டையில எவனாவது படுப்பானா? நீங்களே சொல்லுங்க.”

ஆந்தை யோசித்துப் பார்த்தான். எவனும் படுக்க மாட்டான்தான். அவர் சொல்வதில்தான் நியாயம் இருந்தது. உண்மையைச் சொல்லியும் அது எங்கும் போய் ஒட்டாமல் கையிலேயே பிசுபிசுத்தது.

“நிரூபிக்க முடியுமா உன்னால?” என்றார் சார். அந்தக் கேள்வியில் ஆசை இருந்தது. அவன் முடியும் என்று சொல்லிவிட வேண்டுமே என்ற ஆசை. ஆந்தைக்கு அது வெளிச்சப் பலகையில் விரிசலைப் பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரிந்தது.

நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அது அவன் வீட்டுப் பின்கட்டில் நின்றது.

அவன் மனைவி துணிக்கொடியிலிருந்து இலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னான். நின்றபடியே, மூன்று வாரத்தையும், ஒன்றையும் விடாமல். அவள் முதலில் புரியாமல் கேட்டாள்.

“எந்த ஷிஃப்ட்ட விட்டுட்டீங்க?”

“ஷிஃப்ட்ட இல்ல. வேலைய.”

“அப்ப நேத்து வேன்?”

“வரல.”

“அதுக்கு முந்தி?”

“எதுவும் வரல. நான் எங்கயும் போகல. இங்க, பக்கத்துலதான் இருந்தேன்.”

“பக்கத்துலன்னா?”

அவன் மதிலுக்கு மேலே கையைக் காட்டினான். அவள் மதிலைப் பார்த்தாள். கொட்டகை இருந்த இடத்தில் வெறும் வானம்தான் தெரிந்தது. கட்டிலுக்கும் மதிலுக்கும் உள்ள தூரத்தை அவள் கண்ணாலேயே அளந்தாள்.

“ஏன்?”

“தெரியல.”

“சண்டையா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்ல.”

“என் மேல ஏதாச்சும்...”

“அதெல்லாம் இல்ல. பாட்டிலப் பாத்தேனா இல்லையான்னு தெரியாமப் போச்சு. எழுந்து வந்துட்டேன்.”

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. பிறகு வேறு ஒன்று அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த இலைகள் கீழே விழுந்தன.

“காலைல நான் அந்த மனுஷனத் திருடன்னு சொன்னேன்.”

“நீ அப்படிச் சொல்லல...”

“சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி. நீங்க பக்கத்துல நின்னீங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னீங்க. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. ‘பரவாயில்ல சார்’னீங்க.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். “வேலைய விட்டதுகூடப் போகுது. என் வாயால இதச் சொல்ல வெச்சீங்களே.”

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். அவன் பின்னாலேயே போனான். பக்கத்து வீட்டுக் கூடத்தில் நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுடைய இருமல் கதையை நம்பாத சாரின் மனைவி, இவள் பாதி சொல்வதற்குள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு யாரும் பொய் சொல்ல முடியாது.

“சார், காலைல நான் பேசினது தப்பு” என்று முடித்தாள். “மத்ததையெல்லாம் இவருகிட்ட கேட்டுக்குங்க.”

கணக்கு சார் வாய்ப்பாட்டு நோட்டை மூடினார். மருத்துவமனைச் சீட்டை எடுத்து நான்காக மடித்தார். சிரிப்பார் என்று ஆந்தை எதிர்பார்த்தான். திட்டுவார் என்றும் எதிர்பார்த்தான்.

“நான் கைப்பிடி ஈரமா இருந்துச்சுன்னு சொன்னேனே” என்றார் கடைசியில். “அது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்குப்பா. தொடாத வண்டி. அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

மடித்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நான் மன்னிப்பு கேட்டப்ப நீ எங்க நின்னே?”

“அந்தக் கிளைக்கு இந்தப் பக்கம் சார்.”

“சரி” என்றார் சார். ஒரு கணக்கின் விடையைக் குறித்துக்கொள்வதுபோலத் தலையை ஆட்டினார். “போயிட்டு வா.”

மனைவி அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள். அவன் எட்டி நடந்தான். அவளும் எட்டித்தான் நடந்தாள். வாசலில் கிடந்த ஸ்கூட்டரைச் சுற்றிக்கொண்டு படியேறினாள். பின்னால் அவன் வருவது அவளுக்குத் தெரியும். செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். அவள் வாசற்படியில் ஒரு நொடி நின்றாள், திரும்பாமலே.

“நான் உள்ள வரட்டுமா?” என்றான் ஆந்தை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் வீட்டு வாசலில் அவன் கேட்டிராத கேள்வி. ஏன் கேட்டோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டுக்குள் சாவி இரண்டு சுற்று சுற்றி நின்றது.